பழியும் செங்கோலும்

மெர்சிங் நகரிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் சாலை ஜெமாலுவாங்கைக் கடந்து கோத்தா திங்கியை அடைகின்றது. அந்நகரை அடுத்துக் கம்போங் மாக்காம் என்னும் சிற்றூர் உள்ளது. 'மாக்காம்' என்னும் மலாய்ச் சொல்லுக்குக் கல்லறை என்பது பொருள். 1699ஆம் ஆண்டில் கொலையுண்ட ஜொகூர் மன்னர் இரண்டாம் சுல்தான் மாமுட் ஷா அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளார். மலாய் மக்கள் அவரை 'மங்காட் டிஜூலாங்' என்று அடைமொழி சேர்த்துக் குறிப்பிடுவர். தோள்களில் தூக்கிச் செல்லப்படுகையில் மறைந்தவர் என்பது அதன் பொருள். மனைவியை இழந்த ஒருவன் மன்னனைப் பழிவாங்கிய வரலாறு அக்கல்லறையோடு பிணைந்து கிடக்கின்றது.

கணவனை இழந்த ஒருத்தி மன்னனிடம் நீதி கேட்ட வரலாற்றை நாம் வகுப்பறையில் ஆண்டுதோறும் கற்பிக்கின்றோம். சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தை நடத்தும்போது மாணவர் ஒருவராவது எழுந்து, "மன்னன் செய்த பிழைக்கு நகரத்தை எரித்தது நியாயமா?" என்று கேட்காமல் இருப்பதில்லை. "ஊழ்வினை" என்று ஒரு சொல்லில் விடைகூறி அடுத்த பகுதிக்குச் சென்றுவிடுவது நம்மிற் பலருக்கு வழக்கமாகிவிட்டது. அவ்விடை மாணவரை அடக்குமேயன்றி நிறைவு செய்யாது. பழிவாங்குதல் அறமா, அறமன்றா என்னும் வினாவை நம் பழைய இலக்கியங்கள் எவ்வாறு எதிர்கொண்டன? நாம் வாழும் மண்ணின் பழைய இலக்கியம் அதனை எவ்வாறு எதிர்கொண்டது? இவ்விரண்டையும் ஒருங்கு வைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லில் அடங்கிய எச்சரிக்கை

முதற்கண் சொல்லை நோக்குவோம். தமிழில் 'பழி' என்னும் சொல் குற்றத்தையும் குறிக்கும். அக்குற்றத்தால் வரும் நிந்தையையும் குறிக்கும். குற்றம் செய்தவனுக்குத் திருப்பிச் செய்யும் தீங்கையும் குறிக்கும். கொலைப்பழி, ஊர்ப்பழி, பழிக்குப் பழி என மூன்று வழக்குகளும் இன்றளவும் நம் நாவில் உள்ளன. பழி வாங்கியவன் தன் பங்குக்குத் தானும் ஒரு பழியை வாங்கிக்கொள்கின்றான் என்னும் உண்மையை இச்சொல்லே உணர்த்துகின்றது எனலாம்.

சினத்தின் வகைகளையும் தமிழ் வேறு பிரித்து அறிந்திருந்தது. தோன்றி மறையும் சினம் வெகுளி. நெஞ்சில் நெடுங்காலம் நிலைத்திருப்பது செற்றம் என உரையாசிரியர்கள் வேறுபாடு காட்டுவர். சினத்தின் வேகத்தில் உரைக்கும் சூள் வஞ்சினம் எனப்பட்டது. தொல்காப்பியர் வஞ்சினத்தைக் காஞ்சித் திணையுள் வைத்தார். காஞ்சியோ நிலையாமையை உணர்த்தும் திணை. சினந்து சூளுரைக்கும் மறவனை நிலையாமையின் எல்லைக்குள் நிறுத்திய அமைப்பு சிந்திக்கத்தக்கது.

தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் உரைத்த வஞ்சினம் புறநானூற்றில் 72ஆம் பாட்டாக உள்ளது. தன்னை இளையன் என்று எள்ளிய வேந்தர்களை வெல்லாவிடில் தனக்கு எவை நேர்க என்று அவன் கூறுகின்றான்? குடிமக்கள் தன்னைக் கொடியன் என்று தூற்றுக. மாங்குடி மருதனைத் தலைவராகக் கொண்ட புலவர்கள் தன் நாட்டைப் பாடாது ஒழிக. இரப்போர்க்கு ஈய இயலாத வறுமை தன்னை அடைக என்கின்றான். உயிரிழப்பை அவன் பெரிதாகக் குறிப்பிடவில்லை. மக்களின் நன்மதிப்பை இழப்பதே அவனுக்குப் பேரிழப்பு. சினத்தின் உச்சியிலும் செங்கோலை அளவுகோலாகக் கொண்ட மனநிலை இது.

கோத்தா திங்கியில் நிகழ்ந்தது

இனி ஜொகூர் வரலாற்றுக்கு வருவோம். 1685இல் சிறுவனாக அரியணையேறிய சுல்தான் மாமுட், வயது வந்தபின் கொடியவராக விளங்கினார் என்று அக்காலத்தவர் எழுதியுள்ளனர். 1695இல் ஜொகூருக்கு வந்த ஸ்காட்லாந்து வணிகர் அலெக்சாண்டர் ஹாமில்டன், தாம் பரிசாக அளித்த கைத்துப்பாக்கியின் வலிமையைச் சோதிக்கத் தெருவில் நின்ற ஓர் ஏழையை மன்னர் சுட்டார் என்று 1727இல் வெளியான தம் பயண நூலில் குறித்துள்ளார்.

மக்கள் வழங்கும் வரலாறு பின்வருமாறு. அரண்மனைத் தோட்டத்தில் பழுத்த பலாப்பழம் மன்னருக்காகக் கொண்டு செல்லப்பட்டது. மெகாட் ஸ்ரீ ராமா என்னும் படைத்தலைவனின் மனைவி டாங் அனும் அப்போது கருவுற்றிருந்தாள். மசக்கையால் அவள் ஒரு சுளையை வேண்டிப் பெற்று உண்டாள். தாம் உண்பதற்குமுன் பிறர் உண்டதை அறிந்த மன்னர் சினந்தார். சுளையை உண்டது தானன்று, வயிற்றிலிருக்கும் குழந்தையே என்று அவள் மன்றாடினாள். அது மெய்யா என்று காண அவள் வயிற்றைக் கீறுமாறு மன்னர் கட்டளையிட்டார். பணிமேற் சென்றிருந்த கணவன் திரும்பிவந்து செய்தியறிந்தான். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு மன்னரைத் தூக்கிச் சென்றபோது அவரைக் குத்திக் கொன்றான். இறக்கும் தறுவாயில் மன்னர் எறிந்த கிரீஸ் அவன் காலில் பட்டது, அவனும் மாண்டான். மெகாட்டின் ஊராகிய பிந்தானைச் சேர்ந்தோர் ஏழு தலைமுறைக்குக் கோத்தா திங்கியில் கால் வைத்தால் குருதி கக்கி இறப்பர் என்று மன்னர் சபித்தார் என்பதும் செவிவழிச் செய்தி.

இவ்வரலாற்றின் எல்லாப் பகுதிகளையும் ஆவணங்கள் உறுதி செய்வதில்லை. டச்சுக்காரரின் குறிப்புகளை ஆராய்ந்து லெனர்ட் ஆண்டாயா 1975இல் வெளியிட்ட ஜொகூர் அரசு பற்றிய நூல், பெருமக்கள் பலர் கூடி முடித்த செயலாக இக்கொலையைக் காட்டுகின்றது. மன்னர் கொலையுண்டதும், அவருக்குப்பின் பெண்டஹாரா அப்துல் ஜலில் அரியணையேறியதும், மலாக்கா காலந்தொட்டு வந்த அரச மரபு அதனோடு அற்றதும் ஐயமற்ற செய்திகள். பலாச்சுளை வரலாற்றைச் சார்ந்ததோ, மக்கள் மனத்தைச் சார்ந்ததோ, எதுவாயினும், மன்னனைக் கொல்லும் அளவுக்கு ஒருவனைத் தூண்டக்கூடிய கொடுமை எத்தகையதாக இருக்கவேண்டும் என்று மக்கள் எண்ணிப் பார்த்ததன் விளைவு அது.

கொலையோடு கணக்குத் தீரவில்லை. புதிய மன்னரைக் கடலோடிகளாகிய ஓராங் லாவுட் மக்களிற் பலர் மனமார ஏற்கவில்லை. 1718இல் ராஜா கெச்சில் என்பவர், தாம் கொலையுண்ட சுல்தான் மாமுட்டின் மகன் என்று கூறிக்கொண்டு சியாக்கிலிருந்து படையுடன் வந்து ஜொகூரைக் கைப்பற்றினார். அரியணை இழந்த அப்துல் ஜலில் 1721இல் பகாங் ஆற்றின் முகத்துவாரத்தில் ராஜா கெச்சிலின் ஆட்களால் கொல்லப்பட்டார். அவருடைய மகன் சுலைமான் பூகிஸ் வீரர்களின் துணையை நாடினார். 1722இல் சுலைமான் சுல்தானானார். பூகிஸ் தலைவர் டாயெங் மரேவா துணையரசரானார். அதன்பின் ஆட்சியின் உண்மையான பிடி பூகிஸ்காரர் கைக்குச் சென்றது. 1699 முதல் 1722 வரை இருபத்துமூன்று ஆண்டுகளுக்குள் ஒரு கொலையின் நிழலில் ஓர் அரசே உருமாறியது.

மலாய் இலக்கியத்தின் தீர்ப்பு

இத்தகைய பழிகளை மலாய் இலக்கியம் ஓர் உடன்படிக்கையின் வெளிச்சத்தில் நோக்குகின்றது. செஜாரா மெலாயு என்னும் நூலின் தொடக்கத்தில் சங் சபூர்பா என்னும் மன்னனுக்கும் டெமாங் லேபார் டாவுன் என்னும் குடித்தலைவனுக்கும் இடையே ஒப்பந்தம் நிகழ்கின்றது. குடிகள் எவ்வளவு பெரிய குற்றம் செய்யினும் மன்னன் அவர்களை இழிவுபடுத்தலாகாது. மன்னன் எவ்வளவு கொடியவனாயினும் குடிகள் அவனுக்கு 'டெர்ஹாகா' செய்தலாகாது. டெர்ஹாகா என்பது வடமொழியிலிருந்து மலாய்க்குச் சென்ற சொல். நாம் வழங்கும் 'துரோகம்' என்பதும் அதே வேரினது.

ஒப்பந்தம் மீறப்பட்டால் நிகழ்வது என்ன? சிங்கப்பூரை ஆண்ட மன்னன், சங் ராஜுனா தாப்பா என்னும் அதிகாரியின் மகளைப் பிறர் சொல் கேட்டுச் சந்தையில் கழுவேற்றினான். மகளைக் கொல்வதாயினும் இவ்வாறு இழிவுபடுத்தலாமா என்று தந்தை நொந்தான். மஜாபாகிட்டுக்கு ஓலை விடுத்து, பகைப்படைக்கு நகரின் வாயிலைத் திறந்துவிட்டான். சிங்கப்பூர் வீழ்ந்தது; குருதி ஆறாய் ஓடியது. அவனுடைய களஞ்சியத்து அரிசி மண்ணாயிற்று. அவனும் அவன் மனைவியும் கல்லாயினர் என்று நூல் முடிக்கின்றது. ஒப்பந்தத்தை முதலில் மீறியவன் மன்னன். அவன் நாட்டை இழந்தான். பழிவாங்கியவன் தன்னோடு வாழ்ந்த மக்களையே பலியாக்கினான். அவன் மனித வடிவத்தை இழந்தான். நூலாசிரியர் இருவரையும் விடவில்லை.

அந்நூலிலேயே தமிழராகிய நாம் கருதிப் பார்க்கவேண்டிய மற்றொரு பகுதியும் உண்டு. மலாக்காவின் இறுதிக் காலத்தில் வணிகர் தலைவனாக விளங்கிய நீனா சூரா தேவானாவும், ஷாபண்டாராக இருந்த ராஜா மெண்டெலியாரும் தென்னிந்தியர். 'மெண்டெலியார்' என்பது முதலியார் என்னும் நம் சொல்லே என்பது அறிஞர் கருத்து. இருவருக்கும் வழக்கு ஏற்பட்டது. பெண்டஹாரா துன் முத்தாஹிருக்கு நீனா சூரா தேவானா இரவில் பொன் கொடுத்தான். கித்துல் என்பவன் ராஜா மெண்டெலியாரிடம் கடன்பட்டிருந்தான். "உம்மைக் கொல்லவே அப்பொன் கைமாறியது" என்று அவன் ராஜா மெண்டெலியாரிடம் கோள் மூட்டினான். அச்சமுற்ற ராஜா மெண்டெலியார் முந்திக்கொண்டு, பெண்டஹாரா அரியணையைக் கவரத் திட்டமிடுகின்றார் என்ற பொய்யை லக்சமணா வாயிலாக மன்னர் செவியில் சேர்த்தான். முன்பே மனக்கசப்புற்றிருந்த மன்னர் ஆராயாது ஆணையிட்டார். 1510இல் பெண்டஹாரா குடும்பத்தாருடன் மாண்டார். எதிர்த்துப் போரிட முனைந்த உறவினரை அவரே தடுத்தார் என்று நூல் கூறுகின்றது. பின்னர் பொய் வெளிப்பட்டது. ராஜா மெண்டெலியாரும் கித்துலும் தத்தம் குடும்பத்தாரோடு அழிக்கப்பட்டனர். அடுத்த ஆண்டே, 1511இல், மலாக்கா போர்த்துகீசியரிடம் வீழ்ந்தது.

ஹிக்காயாட் ஹங் துவாவில் வரும் ஹங் ஜெபாட்டின் வரலாறும் இவ்வகையினதே. கோளை நம்பிய மன்னர் ஹங் துவாவைக் கொல்ல ஆணையிட, நண்பன் இறந்தான் என்று எண்ணிய ஜெபாட் அரண்மனையைக் கைப்பற்றிக் கலகம் செய்கின்றான். பெண்டஹாரா மறைத்துவைத்திருந்த துவா மீண்டுவந்து அவனைக் குத்துகின்றான். காயமுற்ற ஜெபாட் காயத்தைக் கட்டிக்கொண்டு நகருக்குள் புகுந்து எதிர்ப்பட்ட மக்களை வெட்டி வீழ்த்துகின்றான். பழைய நூல் ஜெபாட்டைத் துரோகி என்றே கருதியது. ஆயின், 1950களின் இறுதியிலும் 1960களிலும் மலாய் எழுத்தாளரும் திறனாய்வாளரும் அநீதியை எதிர்த்த வீரனாக அவனைக் காணத் தொடங்கினர். 1961இல் உஸ்மான் அவாங் எழுதிய நாடகம் அவனை வீரன் என்றே அழைத்தது. விடுதலை பெற்ற நாடு தன் பழைய அறத்தை மறுபடியும் எடைபோட்டது எனலாம். எனினும், நகரத்து மக்கள் எக்குற்றமும் செய்யாது மாண்டனர் என்பதை எந்த எடைக்கல்லும் மாற்ற இயலாது.

கண்ணகியின் வழக்கு

இப்பின்னணியில் சிலப்பதிகாரத்தை மீண்டும் நோக்குவோம். பொற்கொல்லன் சொல்லை நம்பிய பாண்டியன், கோவலனை அழைத்து ஒரு வினாவும் கேட்கவில்லை. துன் முத்தாஹிருக்கும் ஹங் துவாவுக்கும் நேர்ந்தது இதுவே. நீதியின் முதற்படியாகிய விசாரணை தவறியது. கோத்தா திங்கியிலோ விசாரணை என்ற பெயரால் ஒரு பெண்ணின் வயிறு கீறப்பட்டது.

ஆயின், கண்ணகி மெகாட் ஸ்ரீ ராமாவைப் போல ஆயுதம் ஏந்திச் செல்லவில்லை. சங் ராஜுனா தாப்பாவைப் போலப் பகைவனுக்கு ஓலை விடுக்கவுமில்லை. அவள் முதலிற் சென்ற இடம் அரசவை. வாயிலோன் வழியாக அனுமதி பெற்று, தன் ஊரையும் பெயரையும் கணவன் பெயரையும் கூறி, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று வாதிட்டு, சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள். தமிழிலக்கியம் நமக்குத் தரும் சிறந்த வழக்காடல்களுள் அஃதொன்று. அவ்வழக்கில் மன்னனே தன்னைக் குற்றவாளி என்று தீர்த்துக்கொண்டு அரியணையில் வீழ்ந்து இறந்தான். கோப்பெருந்தேவியும் உயிர் நீத்தாள். நீதி அவ்விடத்திலேயே முடிந்துவிட்டது எனலாம்.

அதன் பின்னும் மதுரை எரிகின்றது. இங்கேதான் மாணவனின் வினா எழுகின்றது. இளங்கோவடிகள் இவ்வினாவை அறியாதவரல்லர். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரைத் தீண்டாது தீயோர் பக்கமே சேர்க என்று கண்ணகி தீக்கடவுளுக்கு எல்லை வகுக்கின்றாள். எல்லையற்ற பழி அறமாகாது என்பதைக் கவிஞர் அவள் வாயாலேயே கூறச் செய்கின்றார்.

அம்மட்டோடு அவர் நிற்கவில்லை. கட்டுரைக் காதையில் மதுராபதித் தெய்வம் முற்பிறப்பு ஒன்றைக் கூறுகின்றது. கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் வணிகம் செய்யவந்த சங்கமன் என்பவனைப் பகைநாட்டு ஒற்றன் என்று மன்னனிடம் காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான் பரதன் என்பவன். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து, மலையேறி வீழ்ந்து உயிர் துறக்குமுன், தனக்குத் துன்பம் செய்தோர் இத்துன்பம் அடைக என்று சபித்தாள். அப்பரதனே கோவலன். 'ஊழ்' என்று நாம் சுருக்கிச் சொல்லிவிடும் செய்தியின் உள்ளீடு இதுவே: வேறொரு கண்ணகியின் நீதி கேட்ட குரல்! நீலியின் சாபம் பரதனை மட்டும் தாக்கியிருப்பின் கணக்குச் சரியாகியிருக்கும். அஃது ஒன்றுமறியாக் கண்ணகியையும் தாக்கியது. பழி எய்த இடத்தில் மட்டும் பாய்வதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நீர்ப்படைக் காதையில் மாடலன் கூறும் செய்தி இன்னும் கொடியது. பாண்டியன் இறந்தபின் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஒரே நாளில் பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியிட்டானாம். குற்றம் செய்த பொற்கொல்லன் ஒருவன், பலியானோர் ஆயிரவர். தொழிலால் ஒன்றுபட்டதைத் தவிர அவர்கள் செய்த தவறு யாது? கண்ணகி வகுத்த எல்லையை அவள் பெயராலேயே அரசன் மீறினான். பாதிக்கப்பட்டவரின் சினத்துக்கு ஓர் அளவு இருந்தது. அதனைக் கையிலெடுத்துக்கொண்ட அதிகாரத்துக்கு அளவு இல்லை. ஜொகூரில் இறந்த மன்னரின் பெயரால் ராஜா கெச்சில் படையெடுத்ததையும் இதனோடு ஒப்பிடலாம்.

இறுதியில், தெய்வமாகிவிட்ட கண்ணகி வஞ்சிக் காண்டத்தில் தோன்றிப் பாண்டியன் குற்றமற்றவன் என்றும், தான் அவனுடைய மகள் என்றும் உரைக்கின்றாள். தன் கணவனைக் கொல்வித்தவனைத் தந்தை முறை கொண்டாடி மன்னிக்கும் இவ்விடமே காப்பியத்தின் முடிவான தீர்ப்பு எனல் வேண்டும். நம் வகுப்பறைகளில் மதுரை எரிவதோடு பாடம் பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. பொற்கொல்லர் ஆயிரவரையும் கண்ணகியின் மன்னிப்பையும் அறியாத மாணவன் காப்பியத்தின் பாதியையே அறிந்தவனாவான்.

யானையின் காலடியில் குழந்தைகள்

பழி தவிர்க்கப்பட்ட நிகழ்ச்சியும் நம் இலக்கியத்தில் உண்டு. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், தன் பகைவனாகிய மலையமானின் மக்களை யானைக் காலில் இடறச் செய்யத் துணிந்தான். தந்தைமேல் கொண்ட செற்றத்தைக் குழந்தைகள்மேல் தீர்த்துக்கொள்ளும் செயல் அது. கோவூர் கிழார் குறுக்கிட்டார். புறநானூற்றின் 46ஆம் பாட்டு அவர் அப்போது கூறியது.

புலவர் மன்னனைப் பழிக்கவில்லை. புறாவின் துயர் தீர்த்தவன் மரபில் வந்தவன் நீ என்றார். இக்குழந்தைகளோ புலவர்களின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகிர்ந்துண்போர் வழியினர் என்றார். பின்னர்க் குழந்தைகளைக் காட்டினார். யானையைக் கண்ட வியப்பில் அவர்கள் அழுகையை மறந்துவிட்டனர். சுற்றிநின்ற புதியவர்களைக் கண்டு மருளுகின்றனர். இதனைச் சொல்லிவிட்டு, இனி நீ விரும்பியதைச் செய்க என்று முடித்தார். கொல்லவரும் யானையையே வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளின் பேதைமையைக் கண்டபின் எந்தச் செற்றம் நிலைக்கும்? சோழன் அவர்களை விடுவித்தான் என்று பாட்டின் அடிக்குறிப்பு கூறுகின்றது. பழிவாங்குவோன் பகைவனை ஓர் இனமாக, ஒரு குடியாக, ஒரு பெயராகக் காண்கின்றான். ஆங்கே நிற்பவை இரு குழந்தைகள் என்று காட்டுவதே புலவனின் தொழில்.

மணிமேகலையும் மெய்ப்பொருள் நாயனாரும்

மணிமேகலையில் உதயகுமரன் காஞ்சனனால் வெட்டுண்டு இறக்கின்றான். மகனை இழந்த அரசி இராசமாதேவி, கொலைக்குக் காரணம் மணிமேகலையே என்று கருதி அவளைத் தன் பொறுப்பில் பெறுகின்றாள். மருந்தூட்டிப் பித்தாக்க முயல்கின்றாள். கற்பழிக்க ஒருவனை ஏவுகின்றாள். புழுக்கறையில் அடைத்துப் பட்டினியிடுகின்றாள். ஒன்றும் பலிக்கவில்லை. அஞ்சி நடுங்கிய அரசியிடம் மணிமேகலை சினந்து பேசவில்லை. நீ அழுதது மகனின் உடலுக்கா, உயிருக்கா என்று வினவுகின்றாள். தன்னைத் துன்புறுத்தியவளை மகனை இழந்த தாயாகவே அவள் கண்டாள். கண்ணகியின் கதையில் தீ மூண்டது. அவள் மகள் எனப்பட்ட மணிமேகலையின் கதையில் அத்தீ அவிந்தது. இரட்டைக் காப்பியங்கள் என்று இவற்றை வழங்குவதற்கு இதுவும் ஒரு பொருத்தமாகும்.

பெரியபுராணம் இதனினும் ஒருபடி மேற்செல்கின்றது. திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் பலமுறை தோற்ற முத்தநாதன், சிவனடியார் வேடம் பூண்டு, ஏட்டுக் கட்டுக்குள் கத்தியை மறைத்து வந்து குத்தினான். மெய்காவலன் தத்தன் வாளோங்க, வீழ்ந்துகொண்டிருந்த மன்னர் தடுத்தார். வேடத்தை மதித்து அவனை ஊறின்றி ஊரெல்லைவரை கொண்டுசென்று விடுமாறு பணித்தார். வழிமறித்த மக்களுக்கு அரசாணையைக் கூறி விலக்கிய தத்தன், திரும்பிவந்து செய்தியை அறிவித்த பின்னரே மன்னர் உயிர் பிரிந்தது. கோவூர் கிழார் காத்த குழந்தைகளின் முன்னோர் ஆண்ட கோவலூரே இந்நிகழ்ச்சிக்கும் களம் என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மாணவர்க்கு விளக்குதல் வேண்டும். மெய்ப்பொருளார் மன்னர், பழிவாங்கும் வலிமை அவர் கையில் இருந்தது, தமக்கு நேர்ந்த தீங்கையே அவர் பொறுத்தார். வலியோன் பொறுப்பது பொறை. எளியோனிடம், உனக்கு நேர்ந்த கொடுமையைப் பொறுத்துக்கொள் என்று பிறர் போதிப்பது வேறு. டாங் அனுமின் கணவனிடம் எந்த வாயால் நாம் பொறுமையைப் போதிப்பது?

வள்ளுவர் வகுத்த எல்லை

இச்சிக்கலுக்கு வள்ளுவரிடம் விடை காணலாம். பொறையுடைமை, வெகுளாமை, இன்னா செய்யாமை என்னும் அதிகாரங்களில் அவர் பழிவாங்குதலை முற்றாக விலக்குகின்றார். ஒறுத்தவர்க்கு ஒருநாள் இன்பமே, பொறுத்தவர்க்கு உலகம் உள்ளளவும் புகழ் என்பதும், தீங்கு செய்தவர் நாணுமாறு நன்மை செய்துவிடுக என்பதும் அவர் கருத்துகள். ஆனால், பொருட்பாலில் செங்கோன்மையைப் பேசும்போது, கொடியவரை அரசன் தண்டித்தல் பயிரைக் காக்கக் களை எடுப்பதை ஒக்கும் என்கின்றார். கொடுங்கோன்மை அதிகாரத்தில், துன்பம் பொறாது மக்கள் அழுத கண்ணீரே அரசனின் செல்வத்தை அறுக்கும் படை என்கின்றார்.

இவற்றை இணைத்து நோக்கின் ஒரு நெறி புலனாகும். தனி மனிதன் பழியை விடவேண்டும். ஆனால், அவன் விட்ட பழியை நீதியாக மாற்றி ஏற்கச் செங்கோல் ஒன்று இருத்தல் வேண்டும். செங்கோல் வளைந்த இடத்தில் கண்ணீர் படையாக மாறும். கிரேக்க நாட்டிலும் இவ்வுண்மை உணரப்பட்டது. கி.மு. 458இல் ஈஸ்கிலஸ் அரங்கேற்றிய ஒரெஸ்தியா என்னும் மூன்று நாடகங்களில், தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த குடும்பப் பழி ஏதென்சு நகரின் நீதிமன்றத்தில் வாக்கெடுப்பால் முடிவுறுகின்றது.

நம் மண்ணின் நினைவு

இவையனைத்தும் பழங்கதை என்று ஒதுக்கற்பாலன அல்ல. 1942 ஜனவரி 26இல் ஜப்பானியர் மெர்சிங்குக்கு வடக்கே எண்டாவில் தரையிறங்கினர். அன்றிரவே ஜெமாலுவாங் அருகே நித்ஸ்டேல் தோட்டத்தில் ஆஸ்திரேலியப் படையினருடன் கடும்போர் நிகழ்ந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களில் பல்லாயிரவர் திரும்பவில்லை. அத்துயரை ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் பதிவு செய்துள்ளன.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பரில் பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் வரும்வரை நாட்டில் ஒழுங்கான அரசு இல்லை. செங்கோல் இல்லாத வாரங்கள் அவை. ஜப்பானியருக்கு உதவியோர் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் முறையான விசாரணையின்றித் தண்டிக்கப்பட்டனர். ஜொகூரின் பத்து பகாட், மூவார் வட்டாரங்களில் அவ்வாண்டு மே மாதம் முதலே மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இடையே மூண்ட மோதல்களில், செய்தவர் யார், செய்யாதவர் யார் என்று பாராது இனத்தின் பெயரால் உயிர்கள் மாண்டன. கொற்கையின் பொற்கொல்லர் ஆயிரவர் மீண்டும் மீண்டும் பிறந்து மடிகின்றனர் என்றே சொல்லத் தோன்றுகின்றது.

ஆதலின், "கண்ணகி செய்தது நியாயமா?" என்று கேட்கும் மாணவனுக்கு ஒரு சொல்லில் விடை கூறாதிருப்போம். அவள் முதலில் அவையில் வழக்குரைத்தாள் என்பதையும், சினத்துக்கு எல்லை வகுத்தாள் என்பதையும், அவ்வெல்லையை அவள் பெயரால் பிறர் மீறினர் என்பதையும், முடிவில் அவளே மன்னித்தாள் என்பதையும் வரிசையாக எடுத்துரைப்போம். பின்னர், வாய்ப்பிருப்பின், அவனைக் கோத்தா திங்கிக்கும் அழைத்துச் செல்வோம். சுல்தானின் கல்லறை கம்போங் மாக்காமில் உள்ளது. மெகாட் ஸ்ரீ ராமாவும் அவன் மனைவியும் அடங்கிய இடம் என்று மக்கள் காட்டுவது அதே நகரின் வேறொரு கம்பத்தில் உள்ளது. கொன்றவனையும் கொல்லப்பட்டவனையும் ஓர் ஊர் மண்ணே ஏற்றுக்கொண்டிருக்கின்றது. அவ்விரண்டு இடங்களுக்கும் நடுவில் நின்று அவன் தன் வினாவைத் தானே மறுபடியும் கேட்டுக்கொள்வானாக.